வேலியிலிருந்து தொடங்குக: வீரமுனை வளவுகளில் சிக்கன வீட்டுத்தோட்டம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மரக்கறிச் செலவைக் குறைக்கவென்று போடப்படும் வீட்டுத்தோட்டம், சந்தையில் எங்கும் கிடைக்காத விலையுயர்ந்த மரக்கறியை எவ்வாறு உற்பத்தி செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக் களம் அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையை ஒட்டிய வீரமுனை. காசு போட்டு நட்டவை காய்ந்தன, தானாக முளைத்தவை காய்த்தன என்பதே முதன்மை முடிவு. சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருந்தும், இந்த முடிவை எட்ட அதன் உதவி தேவைப்படவில்லை.

திறவுச்சொற்கள்: வேலி, கச்சான், ஆடு, மாமி.

1. பின்னணி

இலங்கையில் வீட்டுத்தோட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. காலத்துக்குக் காலம் வந்துபோகும் அரச கொள்கை அது. 2011இல் ‘வாழ்வின் எழுச்சி’யாக வந்தது, 2020இல் ‘சௌபாக்கியா’வாக வந்தது. திட்டத்தின் பெயர் எதுவானாலும் வீட்டுக்காரர் கையில் கிடைப்பது அதே வெண்டி, அதே கத்தரி, அதே பயற்றை.

ஆனால் வீரமுனையின் வளவுகளைத் தோட்டங்களாக மாற்றிய பெருமை 2022ஆம் ஆண்டுக்கே உரியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் போன போகம் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் டொலர் இல்லை. ஆதலால் டீசல் இல்லை. ஆதலால் நுவரெலியாவின் கரட்டைக் கல்முனைக்கு இறக்க லொறி இல்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பச்சைக் கொச்சிக்காயை எண்ணி வாங்கும் நிலை வந்தபோது, எல்லாருக்கும் வளவின் மூலையில் கிடந்த மண்வெட்டி ஞாபகம் வந்தது.

அரசுக்கும் வந்தது. அரச ஊழியர்கள் வீட்டில் பயிரிடுவதற்காக மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று 2022 ஜூனில் அமைச்சரவை தீர்மானித்தது. எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமைக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் உண்டு. வீரமுனையில் அது கோயிலுக்குரிய நாள். சம்மாந்துறையிலும் கல்முனையிலும் ஜும்ஆவுக்குரிய நாள். மூன்றாவதாக வெண்டிக்காயும் அந்த நாளில் பங்கு கேட்டது.

சிக்கல் கிழமையில் இல்லை, மாதத்தில் இருந்தது. ஜூனில் தென்மேல் பருவக்காற்று கொழும்பை நனைக்கும். மலைநாட்டைத் தாண்டும்போது ஈரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, எங்கள் கரைக்கு வெறும் அனலாக வந்து சேரும். அதுதான் கச்சான். வயலுக்குச் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும். வளவுக்கு எந்த வாய்க்காலும் இல்லை. ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்யும் மாரிதான் வீரமுனை வளவின் மழை. ஆகவே, நாற்றுநட அவகாசம் கிடைத்தபோது மழை இல்லை. மழை வந்தபோது நாற்றுநட வேண்டியவர்கள் கந்தோரில் இருந்தார்கள்.

2. முந்தைய ஆய்வுகள்

ஜேர்மனியரான கார்ல் ஸ்பிரெங்கல் 1828 அளவில் சொல்லி, 1840இல் யுஸ்டஸ் லீபிக் பிரபலமாக்கிய ஒரு விதி உண்டு. பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றவற்றை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயனில்லை. லீபிக் பேசியது நைதரசன், பொஸ்பரசு, பொற்றாசியம் பற்றி. அவருடைய பட்டியலில் வேலி இல்லை. அவருக்கு வீரமுனை ஆடுகளுடன் பழக்கம் இல்லாதது இதற்குக் காரணமாகலாம்.

உளவியலாளர்களான டானியல் கானமனும் ஏமஸ் ட்வேர்ஸ்கியும் 1979இல் ‘திட்டமிடல் மயக்கம்’ ஒன்றை விவரித்தார்கள். ஒரு வேலைக்கு வேண்டிய காலத்தையும் செலவையும் மனிதர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவர். முன்பு பட்டது நினைவில் இருந்தாலும் ‘இந்தமுறை அப்படி ஆகாது’ என்றே நம்புவர். பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதப்படும் தோட்டக் கணக்குகள் அனைத்தும் இதற்குச் சான்று.

வில்லியம் அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர் தம் தோட்டத்தில் போட்ட காசையும் கிடைத்த தக்காளியையும் கணக்குப் பார்த்தார். ஒரு தக்காளி 64 டொலர் என்று விடை வந்தது. 2006இல் அதையே தலைப்பாக்கிப் புத்தகம் எழுதினார். மண்ணில் வளை தோண்டும் ஒரு பிராணி அவருடைய மின்வேலியையும் தாண்டி உள்ளே வந்தது என்று அதில் விவரிக்கிறார். பணக்கார நாட்டிலும் பிரச்சினை வேலியடியில்தான் என்பதை இவ்வாய்வு குறித்துக்கொள்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு: அவருக்குப் புத்தகம் எழுதியாவது கொஞ்சம் காசு திரும்பியிருக்கும்.

3. முறையியல்

160 பேர்ச் ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வளவொன்றில் வீடு, கிணற்றடி, மலகூடக் குழி, மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம், கொடியில் உடுப்புக் காயும் இடம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே ஆய்வுப் பரப்பு. தரவுகள் அவதானிப்பு மூலம், பெரும்பாலும் திண்ணையில் இருந்தபடி, சேகரிக்கப்பட்டன. நிதிக்குழுத் தலைவியாக வீட்டுக்காரரின் மனைவியும் வெளிவாரிப் பரீட்சகராக மாமியும் பணியாற்றினர். பரீட்சகர் சம்பளம் எதுவும் பெறவில்லை. கருத்துகளை மட்டும் தாராளமாக வழங்கினார்.

4. செலவின் உடற்கூறு

சிக்கனத் தோட்டத்தின் வரவுசெலவுத் திட்டம் எப்போதும் விதையில் தொடங்குகிறது. ஏனெனில் விதைதான் மலிவு. கமநல சேவை நிலையத்தில் இனாமாகவும் கிடைக்கக்கூடும். மலிவான சாமானை முதலில் எழுதினால் திட்டமே மலிவாகத் தெரியும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் நிதிக்குழுவின் சம்மதமும் கிடைத்துவிடும்.

இரண்டாவது செலவு மண். கடற்கரை ஊர்களில் மணல், வயல் பக்கம் களி என்பது புவியியல். வீட்டு வளவின் புவியியல் வேறு. வீடு கட்டும்போது நிலத்தை உயர்த்தக் கொட்டிய கிரவல், அதன்மேல் சீமெந்துக் கட்டி, உடைந்த ஓடு, கட்டுவேலை செய்தவர்கள் விட்டுச்சென்ற ஆணி. இந்த அடுக்குகளில் பயிர் வேர்விடாது. எனவே ஒரு டிராக்டர் மண் வாங்கப்படுகிறது. விதைக் கணக்கு எழுதிய பக்கத்தில் இதற்கு இடம் இல்லாததால் இது அடுத்த பக்கத்துக்குப் போகிறது.

மூன்றாவது தண்ணீர். கிணறு இருக்கிறதே என்பார்கள். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருவது மோட்டர். 2022 ஓகஸ்டில், கச்சான் உச்சத்தில், மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. அந்த மாதம் உயிர்பிழைத்த ஒவ்வொரு கத்தரிச் செடியும் மின்சாரத்தில் ஓடிய செடி.

நான்காவதும் கடைசியாக நினைவுக்கு வருவதும் வேலி. முள்ளுக்கம்பியின் விலை கேட்டு வீடு திரும்பியவர்கள் சாய்ந்தமருதுக் கரைப் பக்கம் போய்ப் பழைய மீன்வலை வாங்கிவந்து கட்டுகிறார்கள். வலையில் ஆடு சிக்குவதில்லை, சாரைப்பாம்பு சிக்குகிறது. சாரை குறைய எலி பெருகுகிறது. எலி பெருக, ஆடு விட்டுவைத்த மரவள்ளிக் கிழங்கும் முடிகிறது.

இவற்றிலிருந்து பின்வரும் சமன்பாடு பெறப்பட்டது:

ஒரு கத்தரிக்காயின் அடக்கவிலை = (விதை + மண் + தண்ணீர் + மின்சாரம் + வேலி) ÷ ஆடு விட்டுவைத்த காய்கள்.

பல வளவுகளில் வகுக்கும் எண் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே அவ்வளவுகளில் கத்தரிக்காயின் விலை கணிதத்துக்கு அப்பாற்பட்டது.

5. தோட்டத்தின் ஏனைய பங்குதாரர்கள்

உயிரினப் பீடைகளைப் பற்றிய நூல்கள் வெள்ளை ஈயையும் பழ ஈயையும் விரிவாகச் சொல்கின்றன. வீரமுனையின் பீடைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இது சிந்தாயாத்திரைப் பிள்ளையார் ஆலயம் அமைந்த ஊர். கிழங்கைக் கிண்டும் எலி அவருடைய வாகனம். அறுவடை முடிந்த வயல்களுக்குக் கூட்டமாக இறங்கி, ஆசைப்பட்டால் வாழைக்கும் வருகின்ற யானை அவருடைய திருமுகம். நாற்றுக் கொத்தும் மயில் தம்பியாருடையது. வேலியைச் சரித்து நுழையும் கட்டாக்காலி மாடு தகப்பனாரின் வாகன வழி வந்தது. மிஞ்சுவது ஆடு. அதையாவது விரட்டலாம் என்றால், முருகன் ஆட்டுக்கடாவை அடக்கி வாகனமாக்கிய கதை கந்தபுராணத்தில் இருக்கிறது என்று நினைவூட்டப் புராணப் படிப்பு நடக்கும் ஊரில் ஆள் இருக்கிறது. ஆக, ஒரு குடும்பம் முழுவதுமே தோட்டத்தில் பங்கு கேட்கிறது. பயிரிட்டவர் அர்ச்சனைச் சீட்டும் வாங்க வேண்டியவராகிறார்.

இப்பங்குதாரர்களில் சிலரை அரசும் எண்ணிப் பார்த்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடம், நாடு முழுவதும் தோட்டங்களிலும் வளவுகளிலும் நின்ற குரங்குகளும் மர அணில்களும் மயில்களும் எண்ணப்பட்டன. குரங்குகள் ஐம்பது இலட்சத்தையும் மயில்கள் நாற்பது இலட்சத்தையும் தாண்டின. ஆடுகள் எண்ணப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் ஓர் ஆடு ஒரு பாத்தி கத்தரி நாற்றை முடித்துவிடும் என்பதால், எண்ணுபவர் எண்ணி முடித்திருக்கவும் மாட்டார்.

ஆடு மேய்ந்த பாத்தியைப் பார்வையிட்ட வெளிவாரிப் பரீட்சகரின் அறிக்கை முழுவதும் இங்கே தரப்படுகிறது: “தம்பி, ஆட்டுக்கு நல்ல சாப்பாட்டுக்கடை ஒண்டு போட்டிருக்கீங்க. ஆனா காசு வாங்க ஆள் வைக்கல்லயே?”

6. வருத்தங்களின் வகைப்பாடு

அ) காலத்தால் வரும் வருத்தம். ஆடி மாதத்தில் நட்ட தக்காளி பூத்தது. இரவுச் சூடு தணியாததால் பூவெல்லாம் உதிர்ந்தது. கொச்சிச் செடியின் இலை சுருண்டது. வரட்சியில் பெருகும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் அதைச் சுருட்டின. மருந்து வாங்கிய காசில் ஒரு மாதத்துக்குக் கொச்சிக்காய் வாங்கலாம் என்பதை நிதிக்குழு எழுத்தில் பதிவுசெய்தது.

ஆ) ஆசையால் வரும் வருத்தம். கரட், கோவா, லீக்ஸ் ஆகியவை மலைநாட்டுக் குளிரின் பிள்ளைகள். அவற்றைக் கச்சானில் நிறுத்துவது பயிர்ச்செய்கையின் கீழ் வராது, வேறு ஏதாவது சட்டத்தின் கீழ் வரலாம்.

இ) இடத்தால் வரும் வருத்தம். கைக்கு அடக்கமாக இருந்த தென்னம்பிள்ளையை மின்கம்பிக்குக் கீழும், மாங்கன்றை மலகூடக் குழிக்குப் பக்கத்திலும் வைத்தவர்கள் இவ்வகையினர். இவ்வருத்தம் மற்றவை போல உடனே வராது. மரம் வளர வளரச் சேர்ந்தே வளரும்.

ஈ) சேமிப்பால் வரும் வருத்தம். நன்றாகக் காய்த்த கலப்பின வெண்டியின் முற்றிய காயைக் காயவைத்து விதை எடுப்பார்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்க மனமில்லாதது. விதை சேமிக்க நினைப்பவர் கலப்பினமல்லாத நாட்டு இனத்தையோ, விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ‘எம்.ஐ.5’ போன்ற வெண்டியையோ தொடக்கத்திலேயே தேர்ந்திருக்க வேண்டும்.

7. மையக் கண்டுபிடிப்பு

மேற்கூறிய துயரங்களுக்கு நடுவே, அதே வளவுகளில், எந்தக் கொப்பியிலும் எழுதப்படாத சில பயிர்கள் செழித்து நின்றன. பாத்திரம் கழுவும் இடத்தில் யாரோ துப்பிய விதையிலிருந்து எழுந்த பப்பாசி. கிணற்றடிக் கழுவுநீரைக் குடித்துக் குட்டிபோட்ட வாழை. வேலிக்கென்று ஊன்றிய தடி துளிர்த்து முருங்கையானது. ஈரக்கசிவில் தானாகப் படர்ந்த வல்லாரை. இவற்றுக்கு மண் வாங்கவில்லை, மோட்டர் ஓடவில்லை. கச்சானையும் ஆட்டையும் தாங்கத் தெரிந்தவை மட்டுமே எஞ்சின என்பதால், எஞ்சியவை காய்த்தன. மழைகாலத்தில் முருங்கையில் மயிர்க்கொட்டி ஏறும் என்பது மட்டும் குறை. அதற்கு ஒரு தீப்பந்தமும் பொறுமையும் போதும்.

இதிலிருந்து ‘வீரமுனை விதி’ வகுக்கப்படுகிறது: ஒரு பயிரின் விளைச்சல், அதற்காக எழுதிய பட்ஜெட்டுக்கு எதிர்விகிதசமம். இதில் மந்திரம் எதுவும் இல்லை. நாம் திட்டம் போடுவதற்கு முன்பே எங்கே ஈரம் தேங்கும், எங்கே வெயில் விழும், எந்த வழியால் ஆடு வரும் என்று வளவு தன் திட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறது. தானாக முளைத்தவை அதற்குக் கீழ்ப்படிந்தன. காசு கொடுத்து வாங்கியவை அதை எதிர்த்துப் போராடின. அந்தப் போராட்டத்தின் செலவுக்கே தோட்டச் செலவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

8. பரிந்துரைகள்

முதலாவது, கணக்கைத் தலைகீழாக எழுதுக: வேலி, தண்ணீர், மண், கடைசியில் விதை. வேலியைக் கம்பியால் கட்டாமல் கதியாலால் நடுக. மாரி தொடங்கும்போது அயலவர் தம் கிளிசிரிடியா வேலியை வெட்டுவார். தடிகளைக் கேட்டு வாங்கி நெருக்கமாக ஊன்றினால் மழையிலேயே வேர்விடும். தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசு ஏற்றுக்கொண்ட மரம் இது. உலர்ந்த இலையில் 3 முதல் 4 சதவீதம் நைதரசன் உண்டு. வெட்டிப் பாத்தியில் போட்டால் பசளை. ஆடும் இலையைத் தின்னும் என்பது உண்மையே. ஆனால் எல்லையில் நின்றே வயிறு நிரம்பும் ஆடு உள்ளே வர அவசரப்படாது. இதை எல்லைத் தீர்வையாகக் கருதுக.

இரண்டாவது, கழுவுநீர் ஓடும் வழியில் வாழையும் பப்பாசியும். மேடான மூலையில் முருங்கை, ஏனெனில் களியில் நீர் தேங்கினால் அதன் வேர் அழுகும்.

மூன்றாவது, வெண்டி, பயற்றை, கத்தரியை மாரியின் கடும் அடைமழை ஓய்ந்த பிறகு உயர்த்திய பாத்தியில் இடுக. கச்சான் தொடங்குமுன் அவை காய்த்து முடிந்துவிடும். கச்சான் காலத்தில் கழுவுநீர் எட்டுமளவுக்கு மட்டுமே பயிர்.

நான்காவது, கரட்டை நுவரெலியாவிடமே விட்டுவிடுக.

9. நிதியுதவி

இவ்வாய்வின் இரண்டாம் கட்டத்துக்கான நிதிக் கோரிக்கை வீட்டு நிதிக்குழுவின் முன் வைக்கப்பட்டது. வேலித் தடிக்குக் காசு தேவையில்லை என்று ஆய்விலேயே சொல்லப்பட்டிருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கத்தி தீட்டும் கூலி மட்டும் அனுமதிக்கப்பட்டது. போகிற வழியில் சம்மாந்துறைச் சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கி வர வேண்டும் என்ற நிபந்தனையுடன்.