வண்டி பதிந்த வழக்கு

கார் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் பற்றிக் குழப்பமே இல்லை. ஆயில் பிரஷரோ இன்ஜின் சூடோ சிவப்பாக எரிந்தால், ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான். தொல்லை எல்லாம் மஞ்சளில்தான். இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு, கல்யாண வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சித்தப்பா மாதிரி. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். என்னவென்று வாயைத் திறக்காது.

அது சொல்லாததை ஊர் சொல்லும். நான் வாங்கிய பழைய காரில் அது எரிந்ததும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி "பெட்ரோல்ல தண்ணி" என்று தீர்ப்பளித்தார். மச்சான், "பெட்ரோல் மூடியச் சரியா மூடுனீங்களா மாமா?" என்றான். சில கார்களில் அதற்கும் இது எரியும் என்பதால் அவனை முறைக்கவும் வழியில்லை. தெருமுனை மெக்கானிக்தான் சுலபமான வைத்தியம் சொன்னார்: "பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுங்க சார், போயிரும்."

போகும். விளக்குதான் போகும், கோளாறு போகாது. பல கார்களில் பேட்டரியைக் கழற்றினால் கணினிக்குப் பழசு மறந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி சோதித்துக் கண்டுபிடிக்கும்வரை விளக்கு எரியாது. காரை விற்பவருக்கு அந்த அவகாசம் போதாதா?

உண்மையில் கார் எதையும் மறைப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது; அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயமான ஏற்பாடு, பிறகு நம் ஊருக்கும் வந்தது. மெக்கானிக் அதில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் விழுந்தது: பி0420.

"பாருங்க, வண்டியே ஃபோர்ட்வென்டி கேஸ் போட்டிருச்சு" என்றாள் மனைவி.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். மெக்கானிக் உடனே "மாத்திரலாம் சார்" என்றார். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். விலை நகைக்கடை விலை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்கள் சொல்வதை வைத்துத்தான் கணினி இந்த முடிவுக்கு வருகிறது. சென்சார் கெட்டிருந்தாலும், புகைக்குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலும் இதே எண் வரலாம். அதை முதலில் பார்க்கச் சொன்னேன். ஓட்டைதான். வெல்டிங் பட்டறையோடு செலவு முடிந்தது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டினால் போதும். விட்டுவிட்டு மின்னினால் ஊர் ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கருக்கிக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டிவிட வேண்டும்.

காரை விற்ற தரகருக்கு ஃபோன் போட்டேன். "என்கிட்ட இருந்த வரைக்கும் எரியலையே சார்!" என்றார். அதில் பொய் இருக்காது.

2024 ஜூலை 1-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் விடைபெற்று, மோசடிக்கு இப்போது 318-ஆம் பிரிவு வந்துவிட்டது. காருக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது. பிரிவுதான் பழசு, ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.