குறிப்பு இருக்கிறது, கடை இல்லை

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் எதையும் மறக்காது. 2012-இல் எழுதிய நிரலை எழுத்துப் பிசகாமல் எடுத்துத் தரும். அதை நம்பி, நிரலைத் தானாக பில்ட் செய்யும் ஜென்கின்ஸில், பழைய கமிட்டை, அதாவது அன்று சேமித்த நிலையை, கொடுத்து 'பில்ட்' பொத்தானை அழுத்துபவர்தான் பாவம்.

உடனே சிவப்பு விளக்கு.

நிரல் கேட்பது ஜாவா 6. சர்வரில் இருப்பது ஜாவா 17, 'ஆறா? ஏழுக்குக் கீழே எடுப்பதில்லை' என்கிறது கம்பைலர். சரி, அந்தக் காலத்து ஜாவாவையும் பில்ட் கருவியான மேவனையும் தேடிப்பிடித்து நிறுவினால், நூலகங்களைத் தரும் கிடங்கான மேவன் சென்ட்ரல் வாசலிலேயே மறிக்கிறது: 2020 ஜனவரி 15 முதல் 'எஸ்' இல்லாத எச்டிடிபிக்கு அனுமதியில்லை, பிழை எண் 501. சமையல் குறிப்பு பத்திரமாக இருக்கிறது. மளிகைக் கடைதான் முகவரி மாறிவிட்டது.

பழைய கமிட்டுகளை பில்ட் செய்ய வேண்டிவரும் இன்னோர் இடம், பிழை வேட்டை. ஆயிரம் கமிட்டுகளில் பிழை நுழைந்த இடத்தைப் பத்தே சோதனையில் பிடித்துவிடும் கிட் பைசெக்ட். அந்தப் பத்தும் பில்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான். ஆகாததைத் தாண்டிப்போக 'ஸ்கிப்' என்றொரு கட்டளையும் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு நாட்டு நடப்பு தெரிந்திருக்கிறது.