எல்லாருமே அட்மின்தானுங்க

உக்கடத்தில் ஒரு மீன் மொத்த வியாபாரி வலைதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று வலைதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2005-லேயே ஐந்து படி வகுத்துவிட்டது. உச்சியில் அட்மின், அடியில் சந்தாதாரர். நம்மூரில் ஒரே படிதான். மச்சான் அட்மின், கணக்குப்பிள்ளை அட்மின், சைட்டைச் செய்துகொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போன தம்பி இன்னமும் அட்மின்.

"மச்சானைப் போயி சந்தாதாரர்னு போட்டா, பொண்ணு குடுத்தவங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?"

நியாயம்தான். மொத்த விலைப் பக்கத்துக்கு என்ன பாதுகாப்பு?

"அந்த மெனுவ மறைச்சாச்சுங்ணா. ஒருத்தர் கண்ணுக்கும் படாது."

போர்டைக் கழற்றினால் கடை பூட்டியதாகிவிடுமா? மெனுதான் மறையும், பக்கத்தின் முகவரி தெரிந்தவருக்குக் கதவு திறந்தே கிடக்கும். வருகிறவருக்கு அனுமதி உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். உலக வலைதளங்களின் ஓட்டைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் இந்த அனுமதிக் கோளாறுக்குத்தான்.

வழி இருக்கிறது. மச்சானைச் சத்தமில்லாமல் சந்தாதாரர் ஆக்கிவிட்டு, பெயருக்குக் கீழே 'நிர்வாக இயக்குநர்' என்று போட்டுவிடலாம். சர்வர் பட்டத்தைப் பார்க்காது. மச்சான் வேறெதையும் பார்க்கமாட்டார்.