ஆட்சேபணை மாமா

சென்னையில் ஒரு பழைய கல்யாண மண்டபம் இடிபடப் போகிறது என்று பேச்சு கிளம்பினால், அந்தத் தெருவுக்கு இரண்டு பேர் முதலில் வந்து சேருவார்கள். ஒருவர், பழைய கதவும் ஜன்னலும் விலைக்கு எடுக்கும் மரக்கடைக்காரர். இன்னொருவர் ஆட்சேபணை மாமா. மரக்கடைக்காரருக்காவது வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகத் தெரியும்.

மேற்கு மாம்பலம், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இவரைப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருப்பார். அல்லது முன்னாள் செயலாளராக இருப்பார். பின்னவரிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மஞ்சள் மார்க்கரில் கோடிட்டு. விஷ்ணு சகஸ்ரநாமத்தில் நடுவே ஒரு வரி விட்டாலும் விடுவார், செட்பேக் அளவில் ஓர் அங்குலம் விடமாட்டார்.

எங்கள் நங்கநல்லூர் மாமாவுக்கு வாய்த்த மண்டபம், நாற்பதடி ரோட்டில் இருக்கிறது. அதை இடித்துவிட்டுக் கீழே கடைகள், அதற்கு மேலே கிளினிக்கும் ஜிம்மும், உச்சியில் ஃபிளாட்டுகள் என்று புரோமோட்டர் கலர் நோட்டீஸ் அடித்திருந்தார். கீழே கடை, மேலே வீடு என்று சவுகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அங்கே யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை, அதனால் யாரும் ஆட்சேபிக்கவுமில்லை.

மாமா வீட்டு மொட்டை மாடியில் அவசரக் கூட்டம். சுண்டல் உண்டு என்பதால் கோரம் சேர்ந்துவிட்டது. மண்டபத்துக்குப் பின்வீட்டு மாமி, "வெயிலே விழாதே, வடாம் எங்கே காய வைக்கறது?" என்றார். உள்ளதில் நேர்மையான ஆட்சேபணை அதுதான். முனை மளிகைக்கடை அண்ணாச்சி, சூப்பர் மார்க்கெட் வந்தால் பேட்டையின் பண்பாடு கெடும் என்றார். இரண்டு ஃபிளாட் வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர் எல்லாரையும்விட உரக்க எதிர்த்துவிட்டு, படியிறங்கும்போது என் காதோரம், "இது வந்தா நம்ம ஏரியாவுல சதுர அடி எவ்வளவு சார் ஏறும்?" என்றார். இரவுப் பணிக்குப் போகிற நர்ஸ் பெண் மட்டும், "ராத்திரியில திறந்திருக்கிற ஒரு மருந்துக்கடை வந்தா நல்லதுதானே அங்கிள்?" என்று கேட்டது. மினிட்ஸ் நோட்டில் மாமா எழுதிக்கொண்டார்: 'ஒருவர் மாறுபட்ட கருத்து. வாடகைதாரர்.'

இனி, அளவைப் படலம்.

கட்டடம் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் ஹைரைஸ் கணக்கு. அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகல ரோடு வேண்டும். நாற்பதடி என்றால் 12.19 மீட்டர். ஒரு முழம் குறைந்தாலும் புரோமோட்டரின் மேல்மாடிகள் போச்சு. மாமாவுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. விடிவதற்கு முன், பால்காரர் ஒரு நுனியைப் பிடிக்க, இவர் மறு நுனியைப் பிடிக்க, தெரு முழுக்க டேப் ஓடியது. மண்டபத்து வாசலில் நாற்பது. பிள்ளையார் கோயில் எதிரே நாற்பது. வேப்ப மரத்தடியில் நாற்பதுக்கு மேலேயே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் முப்பத்தேழு.

மாமா வீட்டு வாசல்.

கதை பழையது. 2015 வெள்ளத்தில் கூடத்தில் தண்ணீர் நின்றது. வடக்கத்தி ஆட்களை வைத்து வீட்டை அப்படியே ஜாக்கியில் தூக்கினார். வீடு மேலே போனது. கார் மேலே போக வேண்டாமா? சாய்தளம் நீண்டது. நீண்டு நீண்டு, மழைநீர் வடிகாலைக் கடந்து, ரோட்டுக்குள் மூன்றடி வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பாவது 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டியதற்கு ஒன்று, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியதற்கு ஒன்று என்று விதிமீறலை முறைப்படுத்திக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்தது. அதெல்லாம் கட்டடத்துக்கு. ரோட்டில் கிடக்கிற சாய்தளத்துக்கு எந்தப் பிரிவு கைகொடுக்கும்?

ஆக, அந்தக் கட்டடத்தைத் தடுக்கக்கூடிய ஒரே பிரம்மாஸ்திரம் மாமாவிடம் இருக்கிறது. விட்டால் முதலில் அவர் வாசலில்தான் விழும்.

மனு தயாரானது. 'பெறுநர்: உறுப்பினர் செயலர்' என்று தொடங்கி ஒன்பது பக்கம். பாதாளச் சாக்கடை தாங்காது, நிலத்தடி நீர் போகும், பார்க்கிங் தெருவில் வழியும், ஜிம்மிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுப் பூஜையறை தெரியும், எல்லாம் இருந்தது. ரோட்டு அகலம் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட வந்த பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் விவரம் தெரியாமல், "ரோடு பன்னெண்டு மீட்டர் இருக்கா மாமா, அளந்து பார்த்துடலாமே?" என்றான். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கார்ப்பரேஷன் ரெக்கார்டுல நாற்பதடின்னு இருக்குடா. சர்க்காரை நம்பாம நாமளே டேப் தூக்கறது நல்ல குடிமகனுக்கு அழகில்லே."

எழும்பூர் சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். 1939-இல், இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்று உயிர்விட்ட இருவரின் பெயர். ஆட்சேபிக்கப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. மாமா மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, திரும்பும் வழியிலேயே அதை லேமினேட் செய்துவிட்டார்.

மறுவாரம் காலை ஆறரை மணிக்கு, முக்காலியும் கருவியுமாகச் சர்வேயர் ஒருவர் வந்து சரியாக மாமா வீட்டெதிரே நின்றார். மாமா சாய்தளத்தில் இறங்கி ஓடி வந்த வேகத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

"முதல்ல உள்ள வாங்கோ தம்பி, ஒரு வாய் காபி. அப்புறமா அந்த வேப்ப மரத்துக்கிட்ட வச்சு அளங்கோ. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கறது."