தோட்ட வாரியத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தோட்ட வாரியப் பெருமக்கள் பன்னிருவர், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்.

பெருமக்களே,

மானாம்பதியிலிருந்து எழுதுகிறேன். பஸ் ஏறினால் உங்கள் ஊர்தான். ஆயிரத்து நூறு வருஷம் தாமதமாக வரும் மனுவைப் பொறுத்தருள வேண்டும். இப்போதுள்ள அலுவலகம் ஒன்றுக்கு மூன்று மனு போட்டோம். 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. மேலே யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்ததில் நீங்கள்தான் தென்பட்டீர்கள்.

பக்கத்து ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே ஆய்வுக்கு வருவார்கள், டீ வடைச் செலவு எங்கள் தலையில் விழும்) ஏரிக்கரை ஓரமாக ஒரு பூங்கா, சுற்றிலும் நடைபாதை. ஊஞ்சலில் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. நடைபாதையைச் சீமைக்கருவேலம் குத்தகைக்கு எடுத்துவிட்டது. நாங்கள் எட்டுப் பேர், ஞாயிறுதோறும் மம்மட்டி, கத்தி, பழைய சிமெண்ட் சாக்கோடு போகிறோம். முள் குத்தாத கை ஒன்றுகூட இல்லை. குவார்ட்டர் பாட்டில் மட்டும் ஒரு நாளைக்கு நாலு சாக்கு.

சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கு அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஜேசிபி கேட்டோம். "மரத்தில் கை வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார்கள். அப்படியானால் நீங்களே பிடுங்குங்கள் என்றோம். "நிதி இல்லை" என்றார்கள். பதிலுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: தன்னார்வலர். சம்பளமும் கிடையாது, கேள்வியும் கேட்கக் கூடாது என்பதை ஒரே சொல்லில் சொல்ல நம் தமிழால் மட்டும்தான் முடியும்.

காந்தி ஜெயந்திக்கு முன்னால் ஒரு நாள் பெரியவர்கள் வந்தார்கள். கையில் புத்தம்புது உறை, புது விளக்குமாறு. முந்தின நாளே நாங்கள் பெருக்கிவிட்டதால் அவர்களுக்குப் பெருக்கக் குப்பை இல்லை. சாக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரப்பச் சொன்னார்கள். பரப்பினோம். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் குப்பையோடு பேனரையும் சேர்த்துப் பொறுக்கினோம். ஓலையாக இருந்திருந்தால் மக்கியாவது போயிருக்கும்.

உங்கள் சங்கதியே வேறு. 921-இல், சோழ மன்னன் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில், 30 குடும்புக்கும் (இன்றைய வார்டு மாதிரி) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னீர்கள். அந்த ஓலையை ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூடக் கல்லில் வெட்டினீர்கள். விரலிடுக்கில் எதெல்லாம் ஒளியும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது! சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்டத்துக்கு 12, ஏரிக்கு 6. 360 நாள் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் குடத்துப் பக்கம் வரக் கூடாது என்ற விதி. இன்றைக்கு அமலானால் குடம் காலியாகத்தான் கிடக்கும்.

2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உங்கள் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். டெல்லி வரை உங்கள் பெயர் போய்விட்டது. கணக்கு விதி மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது போலிருக்கிறது. பூங்கா இருக்கும் ஊரின் கிராம சபையில் நண்பர் ஒருவர் எழுந்து பூங்காப் பராமரிப்புக் கணக்கைக் கேட்டார். "தன்னார்வலர்கள்தானே செய்கிறார்கள், செலவேது?" என்று பதில் வந்தது. பதிவேட்டில் பராமரிப்புக்கென்று ஒரு தொகை இருந்தது.

உங்களையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதம், 35-க்கும் 70-க்கும் இடையில் வயது என்றெல்லாம் கேட்டீர்கள். நான் வயதில் மட்டும் தேறுவேன். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். அவர்களுக்கு ஓலையே நறுக்கியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் யார் பொறுப்பு என்பதைக் கல்லில் எழுதினீர்கள். எங்கள் பூங்காக் கல்லில் யார் திறந்து வைத்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

பாராட்டுச் சான்றிதழ் வேண்டாம். போன தடவை கொடுத்ததை லேமினேட் செய்ததே எங்கள் காசு. சாக்குகளை ஏற்றிப் போக, வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு டிராக்டர் அனுப்புங்கள். டீசல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால் வேலி இல்லாதவன்,
மானாம்பதி.