ஏழு யூனிட்

ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டர் பெட்டி முன்னால் குனிந்தார், நிமிர்ந்தார், அட்டையில் எழுதினார். "ஐந்நூத்தி ஏழு சார்" என்றார். குரலில் உள்குத்து எதுவும் இல்லை. காலையிலிருந்து அஸ்தினாபுரத்தில் தெருத்தெருவாக எண்களைச் சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு 507ம் ஒன்றுதான், 57ம் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. நான் நாற்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன். அதோடு, ஆறு மாதம் முன்னால்தான் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் மின்சிக்கனம் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, பொன்னாடை வாங்கியிருந்தேன்.

இது 2022 ஜூனில் நடந்தது. அப்போதைய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,130 ரூபாய். எனக்கு வந்தது 1,826. அதாவது மேல்கொண்டு ஓடிய 7 யூனிட்டுக்கு 696 ரூபாய். ஒரு யூனிட் ஏறக்குறைய நூறு ரூபாய். அன்றைக்குக் குரோம்பேட்டை பங்கில் ஒரு லிட்டர் பெட்ரோலும் கிட்டத்தட்ட அதே விலைதான்.

பில் தப்போ என்று நானும் துள்ளினேன். தப்பில்லை. 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் அறியாமை. கீழே இருக்கிற யூனிட்டுகளின் மானியமும் சேர்ந்து கழன்றுகொள்ளும். 101லிருந்து 200 வரை 2 ரூபாயாக இருந்தது மூன்றரை ரூபாயாகும். 201லிருந்து 500 வரை 3 ரூபாயாக இருந்தது 4.60 ஆகும். நிலைக்கட்டணம் 30லிருந்து 50க்குப் போகும். தாண்டியதற்கு 6.60. அசையாமல் நிற்பது 2016ல் வந்த முதல் 100 யூனிட் இலவசம் ஒன்றுதான். இந்த விவரத்தையெல்லாம் கட்டண அட்டையில் அச்சடித்துத்தான் வைத்திருந்தார்கள். மின்கட்டணம் பற்றிப் பேசப் போனவன் அதைப் படிக்கவில்லை.

அந்தப் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை, சங்கச் செயலாளர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். முப்பது நாற்காலி, ஒரு மைக், கடைசியில் சுண்டல். நான் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். 2014 தொடக்கத்தில் அரசு நிறுவனம் மொத்தக் கொள்முதலில் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்இடி பல்பு, 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கிய கதையைச் சொன்னேன். கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் ஆர்டர் கொடுத்தால் விலை எப்படிச் சரியும் என்று விளக்கினேன். நட்சத்திர லேபிள் 2006ல் வந்ததைச் சொன்னேன். அதுவரை எல்லாம் சரி. கைதட்டல் கேட்டதும் நாக்கு நீண்டது. "ராத்திரியில் டியூப்லைட்டை எரிய விடாதீங்க. ஒரு ஜீரோ வாட் பல்பு போடுங்க. செலவு என்னன்னு பேரிலேயே இருக்கு" என்று முடித்தேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

507க்கு வருவோம். பழைய பேரேடு ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஒரு குற்றவாளி என்று விசாரணை தொடங்கினேன். முதல் பக்கம் அம்மாவின் டிவி சீரியல். இரண்டாம் பக்கம் மனைவியின் கிரைண்டர். மூன்றாம் பக்கம் மகனின் லேப்டாப். என் பெயருக்குப் பக்கமே ஒதுக்கவில்லை. மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டுப் பேரேட்டைப் பார்த்தாள். "மோட்டார் யாரு போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மோட்டார் போடுவது நான். தினம் காலை ஆறேகாலுக்கு ஸ்விட்சைத் தட்டிவிட்டு, பேப்பர் வாங்க ராஜேந்திர பிரசாத் சாலைப் பக்கம் போவேன். பேப்பரோடு அரசியலும் சேர்ந்துகொள்ளும். திரும்பி வரும்போது எங்கள் வீட்டு டேங்க் அருவியாகி, சன்ஷேடில் விழுந்து, பக்கத்து வீட்டம்மா காயவைத்த வடகத்தில் தெறித்துக்கொண்டிருக்கும். "சார், டேங்க் ரொம்பி அரை மணி ஆச்சு!" ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். வாரத்தில் இரண்டு நாள் இந்த அருவி என்றால் இரண்டு மாதத்தில் ஆறேழு யூனிட். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான்தான் முடிக்க விடவில்லை.

அக்கா மகன் மின்பொறியியல் படித்தவன். பிளக்கில் செருகினால் எத்தனை வாட் என்று காட்டும் சின்னக் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. டிவியின் செட்டாப் பாக்ஸ், மிக்ஸி, சார்ஜர் என்று வீடு முழுக்க வைத்துப் பார்த்தான். கடைசியில் பூஜை அலமாரியில் எரிந்த சிவப்பு பல்பைக் கழற்றி, ஒரு ஹோல்டரில் மாட்டிச் செருகினான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது.

"மாமா, உங்க ஜீரோ வாட் பதினஞ்சு வாட் எடுக்குது."

பழைய சுழல்தட்டு மீட்டரில் அவ்வளவு சின்னச் சுமை சரியாகப் பதியாது, அதனால் வந்த பெயர் என்பார்கள். இப்போதிருக்கும் எலக்ட்ரானிக் மீட்டர் ஒன்றையும் விடாது. அந்த மாதிரி பல்பு ஒன்று, வீடு கட்டிக் குடிவந்த 2003லிருந்து அங்கே இரவு பகலாக எரிகிறது. 15 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 21.6 யூனிட். நான் தேடிய ஏழின் மூன்று மடங்கு. பத்தொன்பது வருஷத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 2,500 யூனிட். அதற்குமேல் பெருக்கவில்லை. மொட்டை மாடியில் அன்றைக்குக் கைதட்டிய முப்பது பேரில் எத்தனை பேர் போகும் வழியில் ஜீரோ வாட் பல்பு வாங்கிக்கொண்டு போனார்களோ என்ற கவலை வந்துவிட்டது.

பரிகாரமாக ஏசியை மாற்றினேன். பழையது பன்னிரண்டு வயதுக் கிழம். ஜிஎஸ்டி சாலைக் கடையில் ஐந்து நட்சத்திர ஏசிக்கு ஜூன் கடைசி வாரத்தில் நல்ல தள்ளுபடி. ஏன் இவ்வளவு தாராளம் என்று ஒரு கணக்கர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜூலை 1லிருந்து நட்சத்திர அளவுகோலை உயர்த்துகிறார்கள், அதுவரை ஐந்தாக இருந்தது நான்காகும் என்று அக்கா மகன் பிறகு சொன்னான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "ஃபைவ் ஸ்டார்" என்று லேபிளைக் காட்டிக்கொண்டிருந்தவன் அன்றோடு நிறுத்தினேன். அம்மாவின் மனக்குறை வேறு. "இன்வெர்ட்டர் ஏசின்னியேடா, கரண்ட் போனா ஏன் நின்னுடுது?" கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அந்த இன்வெர்ட்டர், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி அல்ல என்று மூன்று முறை விளக்கினேன். ஏமாந்துவிட்டேன் என்றே இன்றுவரை நம்புகிறாள்.

ஒரு நல்லது நடந்தது. போட்டதும் 24 டிகிரி காட்டியது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர லேபிள் ஏசிகள் அப்படித்தான் வர வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நான் அதற்காக 24ல் விடவில்லை. ரிமோட்டில் எழுத்து பொடிசு. மாற்ற வேண்டுமென்றால் எழுந்து கண்ணாடி தேட வேண்டும். என் சொற்பொழிவு சாதிக்காததை என் சோம்பல் சாதித்தது. அந்த விதியை எழுதியவர் என்னைப் போல ஒரு ஆளை வீட்டில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த ரீடிங் 590. காரணம், சிக்கனமான ஏசிதானே என்று பகலிலும் போட்டதுதான். முன்பு மதியத் தூக்கத்துக்கு மின்விசிறி போதும். இப்போது பேப்பர் படிக்கவும் குளிர் வேண்டியிருந்தது. நிலக்கரியைத் திறமையாக எரிக்கக் கற்றால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்தது நீராவி இயந்திரம், என்னிடம் இருந்தது ஈஸிசேர்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சுற்றில் நானே தினமும் மீட்டரைக் குறித்து வந்தேன். 470 வரை வீட்டில் அவசரச் சட்டம்தான். மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்தால் பின்னாலேயே போய் நிற்பேன். சுற்று முடியச் சில நாள் இருக்கும்போதே 501 ஆனது. "போனது போச்சு" என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அன்றைக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து ஏசியை 20ல் வைத்தேன். 500 வரை கருமியாகவும் 501லிருந்து மைனராகவும் ஒரே ஆளை ஆட்டி வைக்கிறது இந்தக் கோடு. அந்த வருஷம் செப்டம்பர் 10ல் கட்டணம் உயர்ந்தது. நிலைக்கட்டணம் போனது, 500க்கு 1,725, 501க்கு 1,958. 500க்கும் 501க்கும் நடுவே இருந்த பள்ளத்தின் ஆழம் 657லிருந்து 233 ஆனது. மொத்தத்தில் கூடிய கட்டணத்தை, இந்த ஒரு விஷயத்தில் நியாயம் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

இடையில் ஒரு திருட்டு வேலையும் செய்தேன். மாடிப் போர்ஷனுக்குத் தனி மீட்டர். குடித்தனக்காரர் காலி செய்து இரண்டு மாதம் ஆள் இல்லை. அங்கே 100 யூனிட் இலவசம் வீணாகிறதே என்று வயிறு எரிந்தது. மாடி ஜன்னலிலிருந்து பச்சை ஒயரைக் கீழே இறக்கி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டினேன். ஃபிரிட்ஜை அதில் செருகினேன். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "சீரியல் லைட் கட்டப் போறீங்களா? வீட்டுல விசேஷமா?" என்றார். அன்று சாயங்காலம், ஒரு கனெக்ஷனின் மின்சாரத்தை இன்னொரு இடத்துக்கு இழுப்பது மின்சாரச் சட்டம் 126ம் பிரிவில் மாட்டிவிடும் என்று அக்கா மகன் சொன்னான். ஒயரைச் சுருட்டி வைத்தேன். பச்சை ஒயருக்கு ஆன செலவை மட்டும் பேரேட்டில் ஏற்றவில்லை.

நவம்பர் மழை வந்தது. ஏசி ஓய்ந்தது. அம்மா ஒரு மாதம் அக்கா வீட்டுக்குப் போனாள். டிசம்பரில் 342. சங்கத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். "திட்டமிட்டால் 590ஐ 342 ஆக்கலாம்" என்று பேசினேன். மழையைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொல்லவில்லை. ஜீரோ வாட் பற்றி மட்டும் போன வருஷம் சொன்னதைத் திருத்திக்கொண்டேன், அதுவும் சுண்டல் விநியோகம் தொடங்கிய பிறகு.

அடுத்த வருஷம் நாலு மின்விசிறியையும் ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ரகத்துக்கு மாற்றினேன். பழையது 75 வாட், புதியது 30 சொச்சம். மின்விசிறிக்கு நட்சத்திர லேபிள் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானதால், தேர்ந்தெடுக்க என் அறிவு தேவைப்படவில்லை. நாலு ரிமோட்டில் ஒன்று அரிசி டிரம்மில் கிடைத்தது, ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

பூஜை அலமாரியில் அரை வாட் எல்இடி மாட்டியிருந்தேன். போன வாரம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அலமாரியில் பழைய சிவப்பு. அம்மா பல்பை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டியிருக்கிறாள். எல்இடி வெளிச்சத்தில் முருகன் முகம் வெளுத்துப் போய் சீக்காளி மாதிரி இருக்கிறான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பார்த்தேன். சிவப்பில் நன்றாகத்தான் இருந்தான். 21.6 என்று மனது சொல்லிற்று. ஸ்விட்சில் கை வைத்து, எடுத்துவிட்டேன்.

ஹாலில் ஆளில்லாமல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது அதை ஓடவிட்டு வந்தவன் நான்தான். ரிமோட்டைத் தேடி இருட்டில் துழாவினேன்.