கோழிப் பணமும் கோல் கணக்கும்

கே: பெரும் பணக்காரர் கால்பந்து கிளப்பை வாங்கினால், நட்சத்திர வீரர்களை அள்ளி வருவார் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது நியாயம்தானே?
– வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை.

ப: நியாயம்தான். உருக்கு வியாபாரி ஜாக் வாக்கரின் பணத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப் 1995-ல் பிரீமியர் லீக் கோப்பையையே தூக்கியது. அதே கிளப்பை நம்ம புனே வெங்கிஸ் கோழி நிறுவனத்தார் 2010-ல் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினோ வரப்போகிறார் என்றே பேச்சு அடிபட்டது. வரவில்லை. 2012-ல் அணி பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது, உங்கள் மலைக் கடுக்காயைவிடத் துவர்ப்பாக. அன்று மைதானத்துக்குள் ரசிகர்கள் விட்ட புது வரவு, ஒரு கோழி! 2017-ல் மூன்றாம் டிவிஷனுக்கே சரிந்தது. இத்தனைக்கும் முதலாளிகள் நஷ்டத்தை ஈடுகட்டிப் பணம் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். காசோலையில் கையெழுத்திட முதலாளி போதும். யாரை வாங்கலாம் என்று சொல்ல ஆட்டம் தெரிந்தவர் வேண்டுமே!